பதினோரு திங்கக்கிழமையும் ஒரு கண்டக்டரும்

கண்டக்டர் வேலைக்கு முதலாளி தந்தது மூணு: தோள்ல தொங்குற பை, கழுத்துல தொங்குற விசிலு, காக்கிச் சட்டை. கழுத்துக்கு மேல இருக்குற தலை என் சொந்தத் தலை. ஆனா சங்கரன்கோவில் தாலுகா முழுக்க அதைப் பொதுச் சத்திரம்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. எவனும் வரலாம், எதையும் போட்டுவச்சுட்டுப் போகலாம், ஆறு மாசம் கழிச்சு வந்து "எங்கன வே?"ன்னு கேக்கலாம்.

பெட்ரோலுக்குப் பதிலா கரியைப் போட்டு பஸ் ஓட்டுன காலத்துல வேலைக்குச் சேந்தவன் நான். பதினாலு வருஷமா ஒரே தடம், மேலநீலிதநல்லூர் தடம். தெனம் நாலு நடை. அதே புளியமரம், அதே பாலம், அதே ஆளுக, "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு அதே சத்தம். ஒரே வேலையை ஒரே மாதிரி தெனமும் செஞ்சு வயித்தைக் கழுவுற அண்ணாச்சிமாரே, தபால்காரரே, ரேசன் கடைக்காரரே, நீங்களே சொல்லுங்க. போன செவ்வாயும் அதுக்கு முந்தின செவ்வாயும் உங்களுக்குத் தனித்தனியாவா நிக்குது? எனக்கு நிக்கல. நாலு வீட்டுத் தண்ணியை ஒரே தொட்டில ஊத்திட்டு, எந்த வீட்டுத் தண்ணி எங்கன கெடக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

இப்படிப்பட்ட தலையை நம்பித்தான் மாடசாமின்னு ஒரு ஏழைப்பட்டவன் ஜெயிலுக்குப் போறதா, வீட்டுக்குப் போறதான்னு கோர்ட்டுல வந்து நின்னுச்சு. அதை நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. அதுக்கு முன்ன, ஊரு என்னை எப்படியெல்லாம் படுத்தி வச்சிருந்துச்சுங்கறதுக்கு ரெண்டு சங்கதி சொல்லுதேன்.

குடைக்கார வாத்தியார்

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் எங்க வண்டில தெனமும் வருவாரு. வாரத்துக்கு ஒரு தடவை குடையை மறந்துட்டு இறங்குவாரு. மறுநாளு வந்து, "எந்த சீட்டுல வச்சேன்? பக்கத்துல யாரு இருந்தா? அவன் எங்கன இறங்குனான்?"னு போலீசுக்காரர் கணக்கா என்னை விசாரிப்பாரு. வச்சவருக்கே தெரியாது, டிக்கெட் கிழிச்சவன் சொல்லணுமாம்! இதென்ன நியாயம்? வண்டில வர்ற குடை அம்புட்டும் கறுப்பு. கைப்பிடி அம்புட்டும் வளைவு.

ஒரு நாளு பொறுக்கமாட்டாம, ஆபீசுல கெடந்த மூணு குடையையும் அவரு முன்னால போட்டு, "உங்களுது எதுன்னு எடுத்துக்கிடுங்க சார்"னேன். மூணையும் விரிச்சுப் பாத்தாரு. சுருக்கிப் பாத்தாரு. ஒண்ணை மோந்துகூடப் பாத்தாரு. ஆறு வருஷமா அவரு புடிச்ச குடை, அவருக்கே அடையாளம் தெரியல. சரி, தெரியலைன்னு தலையைத் தொங்கப் போட்டாரான்னா, அதுதான் இல்ல. போதாக்குறைக்கு என்மேல பாஞ்சாரு.

"என் குடை எதுன்னுகூடத் தெரியாத ஆளு, என்னத்துக்கு வே கண்டக்டர்னு சொல்லிக்கிட்டுத் திரியுதீரு?"

மருமக போன வண்டி

இன்னொரு அம்மா. மகனுக்குக் கல்யாணம் முடிச்சு அஞ்சு மாசம்தான் இருக்கும். ஒரு நாளு ஓடுற வண்டியைக் கையைக் காட்டி மறிச்சுது. ஏறவும் இல்ல. படியில ஒரு காலை வச்சுக்கிட்டு, "ஏ கண்டக்டரு, போன வாரம் என் மருமக உன் வண்டிலதான அவ அம்மை வீட்டுக்குப் போனா? என்னைக்குப் போனா?"ன்னு கேட்டுது. போன வாரம் அந்த ஸ்டாப்புல பச்சைச் சேலை கட்டி, இடுப்புல ஓலைப்பெட்டி வச்சு ஏறுன பிள்ளைக மட்டும் ஏழெட்டு இருக்கும். அம்புட்டும் அம்மை வீட்டுக்குத்தான் போகுது. எவ உம்ம மருமக, எவ அடுத்த வீட்டு மருமகன்னு நான் எப்படித் தாயி சொல்லுவேன்னேன்.

வண்டிக்குள்ள நாப்பது பேரு. டிரைவர் சுடலைமுத்து ஆரனை அமுக்கிக்கிட்டே இருக்காரு. அந்த அம்மா காலை எடுக்கல. கடைசில குரலைத் தாழ்த்தி, "போகையில அழுதுக்கிட்டுப் போனாளா, சிரிச்சுக்கிட்டுப் போனாளா, அதையாவது சொல்லு"ன்னுது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "எம்மா, நான் டிக்கெட் கிழிக்கவா, ஒவ்வொரு பிள்ளை மூஞ்சியா பாத்துக்கிட்டு நிக்கவா?"ன்னுட்டேன். அதுக்கு அந்த அம்மா சொன்ன பதிலை இன்னைக்கும் எங்க ஷெட்டுல சொல்லிச் சிரிக்காணுவ.

"அழுதாளா சிரிச்சாளான்னுகூடப் பாக்காம, அப்படி என்னத்தத்தான் டிக்கெட் கிழிச்சே?"

சம்மன்

இப்ப மாடசாமிக்கு வாரேன். மேலநீலிதநல்லூருக்கு அங்கிட்டு ரோட்டோரம் ஒரு புளியமரம், அங்கன ஏறுற ஆளு. கூலிக்கு ஆடு மேய்க்கிறவன். முப்பது வயசு, பொஞ்சாதி, ரெண்டு பிள்ளை. உடம்பெல்லாம் சிரங்கு வந்து, ஆடித் தபசுத் திருவிழா முடிஞ்ச மறு திங்கக்கிழமையில இருந்து பதினோரு திங்க கோவிலுக்கு வந்து புத்துமண் எடுத்துப் பூசிக்கிடுதேன்னு கோமதியம்மனுக்கு நேந்துக்கிட்டான். திங்கக்கிழமைன்னா பத்து மணி வண்டி. வெறுங்கையோட ஏறுவான், பின்பக்கம் ஒரு மூலையில ஒடுங்கி நிப்பான், இறங்கிப் போயிருவான். வாயில பேச்சு கெடையாது.

அஞ்சாவது திங்கக்கிழமை காலையில, பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல, அந்த ஊரு சம்சாரி, காடு கரை வச்சிருக்கிறவரு ஒருத்தர், அவரு ஆட்டுக் கிடையில இருந்து ரெண்டு கிடா காணாமப் போச்சு. மாடசாமிதான் புடிச்சுட்டுப் போனான்னு கேசு. "நான் அன்னைக்குக் கோவிலுக்குல்லா போயிருந்தேன்"னு இவன் சொல்லுதான். யாரு பாத்தா? கோவில்ல கூட்டத்தோட கூட்டமா மண்ணெடுத்தவனை யாருக்குத் தெரியும்? பாத்தவன் கண்டக்டர்தான்னு மாடசாமி தரப்பு வக்கீலு எனக்குச் சம்மன் அனுப்ப வச்சுட்டாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கிடா திருடுனவன் ஒருத்தன், திருட்டுக் குடுத்தவன் ஒருத்தன், நடுவுல என் ஒரு நாள் கூலி போகுது!

மறுநாளு அவன் புளியமரத்துல வண்டி ஏறாம கையைக் கூப்பிக்கிட்டு நின்னான். "ஏலே, நீ வந்தியான்னு உனக்குத் தெரியும்லா? என்னை எதுக்குலே இழுக்கே?"ன்னு சத்தம் போட்டேன். அவன் கண்ணு கலங்கிருச்சு. அவன் சொன்னதைக் கேட்ட பொறவு எனக்குக் கத்தவும் மனசு வரல.

"பதினோரு திங்களும் வந்தேன் அண்ணாச்சி, அதுல இந்த ஒரு திங்கக்கிழமையை மட்டும் எப்படியாச்சும் தேடித் தாங்க."

சேவல் கிடைச்சுது

தேடுனேன். டிக்கெட் கிழிக்கையில தேடுனேன், சாப்பிடுகையில தேடுனேன். மாடசாமி ஏறுனான், மூலையில நின்னான், இறங்குனான். அவ்வளவுதான் வருது. அது ஒண்ணாவது திங்களா, எட்டாவது திங்களான்னு கேட்டா, எளவு, எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. பிழைக்கத் தெரிஞ்ச பயலா இருந்தா ஒரு நாளாச்சும் சில்லறைக்குச் சண்டை போட்டிருப்பான், ஒரு நாளாச்சும் படியில விழுந்திருப்பான். நல்லவனா ஒதுங்கி நின்னே என் கழுத்தை அறுத்துட்டான்.

மூணாவது நாள் சாயங்காலம் பளிச்சுனு ஒண்ணு வந்துச்சு. ராயகிரிக்காரர் ஒருத்தர், தங்கச்சி வீட்டுக்குச் சேவல் கொண்டு போனவரு, நெருக்கடியில காலைக் கட்டுன சேவலை மாடசாமி கையில குடுத்துட்டாரு. அது அவன் வேட்டியிலேயே பேண்டுருச்சு. கோவிலுக்குப் போற வேட்டி! வண்டியே சிரிச்சுது. மாடசாமி மட்டும் சேவலைக் கீழ விடாமப் புடிச்சுக்கிட்டே வந்தான். அது ஒரு திங்கக்கிழமை, சத்தியமா எனக்குத் தெரியும். ஆனா அஞ்சாவது திங்கக்கிழமையா? அந்தக் கேள்விக்கு மட்டும் உள்ள இருந்து பதில் வரல.

வக்கீலு கிட்ட உள்ளதை உள்ளபடி சொன்னேன். "ஐயா, சேவல் நிச்சயம். திங்கக்கிழமை நிச்சயம். எந்தத் திங்கக்கிழமைங்கறதுதான்..."னு இழுத்தேன். வெத்திலையைத் துப்பிட்டு வந்து பக்கத்துல உக்காந்தாரு.

"சேவலை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிடும் வே, கிழமையை நான் பாத்துக்கிடுதேன்."

கூண்டு

கோர்ட்டுல எனக்கு முந்தி ஏறுனவன் எதிர்த்தரப்புச் சாட்சி. காட்டுல களை வெட்டிக்கிட்டு நின்னவனாம். "பத்து மணி வண்டி ஆரன் அடிச்சுக்கிட்டுப் போச்சுங்க. அப்ப மாடசாமி புளியமரத்து அடிமூட்டுல நின்னான். வண்டில ஏறல. வண்டி போன பொறவு கிடைப் பக்கமா நடந்து போனான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்"னு அடிச்சுச் சொன்னான். என்னா பொய்யின்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

பொறவு நான் ஏறுனேன். "எனக்கு நெனப்புத் தெரிஞ்ச வரைக்கும்"னு ஒரு வார்த்தையைப் போட்டு ஆரம்பிக்கணும்னுதான் வீட்டுல இருந்து வாரேன். சத்தியமா அப்படித்தான் வந்தேன். ஆனா போலீசு தரப்பு வக்கீலு சிரிச்சுக்கிட்டே எந்திச்சாரு. "ஓய் கண்டக்டர், தெனம் இருநூறு பேருக்கு டிக்கெட் கிழிக்கீரு. அஞ்சு மாசத்துக்கு முந்தி ஒரு மூலையில நின்ன ஆளைச் சொல்லுதீரு. சரி, நேத்து காலையில உம்ம வண்டில முதல்ல ஏறுனது யாரு? சொல்லும் பாப்போம்"னாரு. நான் விரலை மடக்கி யோசிக்க ஆரம்பிச்சேன். கோர்ட்டே கொல்லுனு சிரிச்சுது. வாசல்ல பேரு கூப்பிடுற டவாலிகூடச் சிரிச்சான்! பதினாலு வருஷச் சர்வீசுல என்னை யாரும் அப்படி அசிங்கப்படுத்தினது இல்ல. உடம்பெல்லாம் தீயா எரிஞ்சுது.

அந்த எரிச்சல்ல சந்தேகம் எங்க போச்சுன்னே தெரியல. "ஐயா, தெனம் ஏறுறவனை நெனப்பு இருக்காது. சேவல் பேண்ட வேட்டியோட கோவிலுக்குப் போனவனை நெனப்பு இருக்கும். அது கிடா காணாமப் போன அதே திங்கக்கிழமைதான். பத்து மணி வண்டி. நான்தான் டிக்கெட் குடுத்தேன். கோமதியம்மன் சத்தியமா!"ன்னு கூண்டுக் கட்டையைத் தட்டிச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அந்தத் திங்கக்கிழமையே என் கண்ணு முன்னால ஓடுது, வெயில்கூடத் தெரியுது. மாடசாமியை விட்டுட்டாங்க. மாஜிஸ்திரேட்டு என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாரு. ரெண்டு மாசத்துக்கு நான் தரையில நடக்கல.

"சாட்சின்னா இப்படித் தெளிவாச் சொல்லணும்."

வெள்ளையடிப்பு

பங்குனியில முதலாளி ஆபீசுக்கு வெள்ளையடிச்சாங்க. பழைய ட்ரிப் ஷீட்டுக் கட்டையெல்லாம் வெளிய தூக்கிப் போட்டுக் கெடந்துச்சு. எனக்கு ஒரு பெருமை பாருங்க, ஒரு ஆளை ஜெயில்ல இருந்து காப்பாத்துன அன்னைய ஷீட்டை எடுத்து டிரைவர் சுடலைமுத்துக்குக் காட்டணும்னு. ஆவணிக் கட்டை அவுத்துத் தேடி எடுத்தேன். ஆளுக பேரு எதுவும் அதுல இருக்காது, நடையும் நேரமும்தான் இருக்கும். அன்னைய ஷீட்டுல நடையும் இல்ல, நேரமும் இல்ல. குறுக்க ஒரு கோடு. "வண்டி ஓடவில்லை. முன் ஸ்பிரிங் பட்டை முறிவு. திருநெல்வேலி பட்டறை." கீழ என் கையெழுத்து.

என் தலையில யாரோ இடியைப் போட்ட மாதிரி இருந்துச்சு. பட்டை முறிஞ்சதும் எனக்கு நல்லா நெனப்பு இருக்கு, பட்டறை வாசல்ல நாள் முச்சூடும் ஈ ஓட்டுனதும் நெனப்பு இருக்கு. ஆனா அது ஏதோ புரட்டாசியில ஒரு நாளுன்னுல்லா இத்தனை நாளும் எனக்குள்ள கெடந்துச்சு! அப்ப நான் கண்டேன்னு சத்தியம் பண்ணுன வண்டி எது? என்னை விடுங்க. களை வெட்டுனவன் ஆரன் சத்தம் கேட்டேன்னானே, அது எந்த வண்டி ஆரன்? மாடசாமி ஏறி வந்தேன்னானே, எதுல ஏறுனான்? வராத வண்டியை ஒருத்தன் கேட்டிருக்கான், ஒருத்தன் ஏறியிருக்கான், நான் டிக்கெட் கிழிச்சிருக்கேன். தெனம் பத்து மணிக்கு வண்டி வருது, அதனால அன்னைக்கும் வந்திருக்கும்னு மூணு பேரு தலையும் தானா ஒரு வண்டியை ஓட்டிக்கிட்டுது. கேவலம், மூணு பேரும் சத்தியம் வேற பண்ணியிருக்கோம்.

சுடலைமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டி, "ஏன் வே, நான் சாட்சிக்குப் போறேன்னு உம்மகிட்ட எத்தனை தடவை சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"ன்னு அவரு மேல எகிறினேன். அவரு ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"பட்டை முறிஞ்சது எனக்கு நெனப்பு இருக்கு வே, அன்னைக்கு என்ன கிழமைன்னு பட்டைக்கா தெரியும்?"

மாடசாமி வீடு

பத்து நாளு எனக்குச் சோறு இறங்கல. வண்டி ஓடல, அப்ப மாடசாமி கோவிலுக்கு வரல. வரலைன்னா கிடாயைப் புடிச்சது அவன்தானோ? ஒரு திருடனுக்கா நான் கோமதியம்மன் மேல சத்தியம் பண்ணினேன்? லீவு போட்டுட்டு, அவன் வீட்டுக்கே போனேன். குடிசை வாசல்லயே நின்னு, வந்த கோவத்துல, "ஏலே மாடசாமி! அன்னைக்கு வண்டியே ஓடலலே! நீ எங்கலே போனே? உண்மையைச் சொல்லு!"ன்னு கத்துனேன்.

அவன் திருதிருன்னு முழிச்சான். நடிப்பு இல்ல, எனக்குத் தெரியும். "ஓடலையா? நான் வந்தேனே அண்ணாச்சி. சேவல்கூட..."ன்னான். உள்ள இருந்து அவன் பொஞ்சாதி பேச்சியம்மா முறமும் கையுமா வெளிய வந்தா. "சேவலு பேண்டது பதினோராவது திங்கக்கிழமை. அந்த வேட்டியைத் தொவச்சவ நான். கிடா காணாமப் போன அன்னைக்கு இவுக புளியமரத்துல நின்னு நின்னு பாத்துட்டு, வண்டி வரலைன்னு வீட்டுக்குத் திரும்பி வந்தாவ. வெளியூரு போற ஆளுக்கு எதுக்குச் சோறுன்னு நான் பொங்கல. எனக்குன்னு இருந்த கூழை இவுகளுக்கு ஊத்திட்டு, அன்னைக்கு முழுக்க நான் பட்டினி. சாயங்காலம் வரைக்கும் இந்த வாசல்லதான் படுத்துக் கெடந்தாவ. மறுநாளு சம்சாரி வீட்டு ஆளுக கிடாயைத் தேடி வந்து என் அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பாத்தாவ. பட்டினி கெடந்ததும் அடுப்பைக் கிளறுனதும் அடுத்தடுத்த நாளு. எனக்கு எப்படி மறக்கும்?"

எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு. பய திருடன் இல்ல. களை வெட்டுனவனும் பாதி உண்மைதான் சொல்லியிருக்கான், வண்டிக்குக் காத்து நின்னவனைத்தான் பாத்திருக்கான். ஆனா அடுத்த நிமிசமே கோவம் தலைக்கு ஏறுச்சு. "இவ்வளவையும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா தாயி சும்மா இருந்தே? உன் புருசன் ஜெயிலுக்குப் போக இருந்தானே! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"ன்னேன். மாடசாமி தரையைப் பாத்துக்கிட்டு, "சொன்னா அண்ணாச்சி. நான்தான் அது வேற திங்கக்கிழமைன்னுட்டேன்"னான். பேச்சியம்மா முறத்தைக் கீழ வச்சுட்டு என் முன்னால வந்து நின்னா.

"'கண்டக்டரே வண்டி ஓடிச்சுன்னு சொல்லுதாரு, வீட்டுக்குள்ள கெடக்க உனக்கு என்னட்டி தெரியும்'னு ஊரே சேந்து என் வாயை அடைச்சுதே, அந்தக் கண்டக்டரு நீங்கதானா?"

பதினாலு வருஷத்துல ஆயிரக்கணக்கான நடை ஓட்டியும், கோர்ட்டுல ஏறி அம்மன் மேல ஆணையிட்டு நான் சொன்ன ஒரே நடை, ஓடவே ஓடாத நடை.